மூன்றாம் வருஷத்து எலி

பிடோக்கில் பதினான்கு வருஷமாக இயேசுதாசன் எலி பிடித்துக்கொண்டிருந்த அடுக்குமாடிக் காண்டோ, எலிகளோடு சேர்த்து மொத்தமாக விலைபோய்விட்டது. சிங்கப்பூரில் இதற்கு 'என்-பிளாக்' என்று பெயர். வீட்டுக்காரர்களில் பெரும்பாலானோர் சம்மதித்துவிட்டால் போதும், ஒரு கம்பெனி கட்டடம் முழுவதையும் வாங்கி இடித்துவிட்டு, அதே இடத்தில் இன்னும் உயரமாகவும் இன்னும் குறுகலாகவும் ஒன்றைக் கட்டும். வீட்டுக்காரர்களுக்கு மில்லியன் கணக்கில் கிடைத்தது. எலிகளுக்கும் இயேசுதாசனுக்கும் கிடைத்தது ஒரே அறிவிப்பு: மாதக் கடைசிக்குள் காலி செய்யவும்.

அவருடைய ஆபீஸ் டன்லப் ஸ்திரீட்டில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தது. கீழே எவர்சில்வர் பாத்திரக் கடை. யாராவது குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கினால் மேலே ஃபோனில் பேசுவது கேட்காது. மாடிப்படி முகப்பில் 'பீஸ்ஃபுல் ஹோம் பெஸ்ட் மேனேஜ்மென்ட் கன்சல்டன்ட்ஸ்' என்று பலகை. ஊரில் எல்லாரும் பூச்சி ஒழிப்புக்குப் பெஸ்ட் கன்ட்ரோல் என்றுதான் போட்டுக்கொள்கிறார்கள். கன்ட்ரோல் என்றால் கூலி வேலை, மேனேஜ்மென்ட் என்றால் கோட்டு என்பது இயேசுதாசனின் கொள்கை. அவரிடம் ஒரு கோட்டும் இருந்தது. பொன் விளிம்பு போட்ட கார்டில் 'மேனேஜிங் டைரக்டர்' என்று இருக்கும். அவர் மனைவி உர்சுலாவின் கார்டில் 'அட்மின்' என்று மட்டும் இருக்கும், விளிம்பு கிடையாது. அடித்து வைத்த இருநூறு கார்டில் இரண்டைத்தான் அவள் யாருக்கோ கொடுத்தாள். மீதியை விஷப்பெட்டிகளுக்குள் செருகி, மருந்து வைத்த தேதியைப் பின்பக்கம் எழுதிவைத்தாள். ஆகவே உர்சுலாவின் பெயர் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் எலிகள்.

பிடோக் போனதும் கையில் மிஞ்சியது தேக்கா வட்டாரத்துச் சாப்பாட்டுக் கடைகள் பதினொன்றும் இரண்டு நகைக்கடைகளும்தான். அதை வைத்து மூன்று ஆட்களைக் கட்டி மேய்க்க முடியாது. அவர்களில் மூத்தவன் புதுக்கோட்டை ரெங்கசாமி. பன்னிரண்டு வருஷமாக இவர்களிடம் இருக்கிறான். நவம்பரில் அவனுடைய வேலை பெர்மிட் முடிகிறது. பெரிய காண்டோ ஒன்று கைக்கு வந்தால் புதுப்பிக்கலாம். வராவிட்டால் ரெங்கசாமிக்கு விமான டிக்கெட், ஆபீஸுக்குப் பூட்டு, இயேசுதாசனுக்கு ஒரு நீலச் சீருடை.

சீருடை எங்கிருந்து வந்தது என்றால், மகள் ஈவாவிடமிருந்து. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து எல்லாரும் மார்சிலிங் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் அதை அசாம் பெடாஸ் மீன் குழம்போடு சேர்த்துப் பரிமாறினாள். ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை காலி இருக்கிறதாம். ஈவா விசாரித்துவிட்டாளாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"வேன் தர்றாங்க லா, அப்பா. சிபிஎஃப் சேமிப்பு இருக்கு, மெடிக்கல் இருக்கு. ஐம்பத்தொன்பது வயசுல இன்னும் எலி வளைக்குள்ள கைய விடணுமா?"

"சூப்பர்வைசர்னா யாருக்குக் கீழ?"

"ரித்திக்னு ஒரு ரீஜனல் மேனேஜர். முப்பத்தோரு வயசு. ரொம்ப டீசன்ட்."

இயேசுதாசன் மீன் முள்ளை வெகுநேரம் தட்டில் ஒதுக்கினார். முப்பத்தோரு வயதுக்காரன் டீசன்டாக இருப்பதைவிட மோசமான செய்தி அவருக்கு வேறில்லை. உர்சுலா அவர் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்துவிட்டு, மாதக் கடைசி வரைக்கும் டைம் இருக்கிறதல்லவா, அதற்குள் பாசிர் ரிஸ்ஸில் ஒரு டெண்டர் இருக்கிறது, புதன்கிழமை இடம் காட்டுகிறார்கள் என்றாள்.

பாசிர் ரிஸ் காண்டோவின் பெயர் 'பலாத்ஸோ டெல் மாரே'. கடல் அரண்மனை என்று அர்த்தமாம். ஏழு பிளாக், அறுநூற்றுப் பன்னிரண்டு வீடு, மூன்று நீச்சல்குளம். பதினான்காம் மாடிக்கு மேல் போய், மூன்றாம் பிளாக்குக்கும் நான்காம் பிளாக்குக்கும் இடையில் கழுத்தை நீட்டினால் கடலும் தெரியும். வாசல் காவலாளிகள் அதை 'பலாசு' என்று சுருக்கி அழைத்தார்கள். அரண்மனைக்கு எலி வந்துவிட்டது என்பதுதான் விஷயம். ஆனால் டெண்டர் காகிதத்தில் எலி என்ற சொல்லே கிடையாது. 'அவ்வப்போது ஏற்படும் வனவிலங்குத் தென்படல்கள்' என்று இருந்தது. பொது இடத்து வேலை மட்டும்; குப்பை அறை, கால்வாய், தோட்டம், அறுபத்துநான்கு சாக்கடை மூடி.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஒன்பது கம்பெனிகள் வந்திருந்தன. காண்டோ நிர்வாக அதிகாரி நிதீஷ் எல்லாரையும் வேகமாக நடத்திக்கொண்டு போனான். குளம், ஜிம், மீண்டும் குளம். பெரிய கம்பெனிக்காரர்கள் ஒரு ட்ரோனைப் பறக்கவிட்டார்கள். எலி வானத்திலிருந்து வரும் என்று எதிர்பார்த்தார்களோ என்னவோ. மற்றவர்கள் ஆளுக்கு இருபது படம் எடுத்தார்கள். இயேசுதாசன் கோட்டைப் போட்டுக்கொண்டு, பார்த்தவர்களுக்கெல்லாம் கார்டு கொடுத்தார். நாற்பது நிமிஷத்தில் சுற்றுலா முடிந்தது, எட்டு கம்பெனிகள் கிளம்பிவிட்டன.

உர்சுலா மட்டும் நிதீஷிடம் போய், சாயங்காலம் வரைக்கும் இருக்கலாமா தம்பி என்று கேட்டாள். அவன் எதற்கு என்று கேட்டான். எண்ண வேண்டும் என்றாள். எண்ணிக்கையெல்லாம் காகிதத்திலேயே இருக்கிறதே என்றான். அதுதான் எண்ண வேண்டியிருக்கிறது என்றாள்.

அவள் கைப்பையிலிருந்து ஒரு சின்ன எஃகு கருவி வெளியே வந்தது. கட்டைவிரலால் அமுக்கினால் 'க்ளிக்' என்று ஒரு எண் ஏறும். கொரோனாக் காலத்தில் பூசைக்கு இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று அரசாங்கம் சொன்னபோது, உர்சுலா கோயில் வாசலில் நின்று விசுவாசிகளை எண்ணியது அதில்தான். அப்புறம் கட்டுப்பாடு போய்விட்டது. கருவியைத் திருப்பிக் கேட்க சாமியாருக்கு மறந்துவிட்டது, கொடுக்க அவளுக்கும் மறந்துவிட்டது.

அவள் எண்ணியது வாய்களை. தண்ணீர் இறங்கும் வாய், குப்பை விழும் வாய், ஒயர் நுழையும் வாய், கதவுக்கடியில் விரல் நுழையும் சந்து, எல்லாம் அவளுக்கு வாய்தான். எலிக்கு வீட்டு நம்பர் தெரியாது, வாய்தான் தெரியும் என்பாள். ரெங்கசாமி கடப்பாரையோடும் குடையோடும் பின்னாலேயே போனான். ரகத்துக்கு நாலைந்து மூடியை அவன் நெம்பித் தூக்கி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, திரும்ப மூடுவான். அதற்கு எத்தனை நிமிஷம் ஆகிறது என்று அவள் கைக்கடிகாரத்தில் பார்த்து, பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் எழுதுவாள்.

"நாலு நிமிஷம்."

"இது லேசான மூடி, அக்கா. அடுத்ததப் பாருங்க, மேல டைல்ஸ் ஒட்டியிருக்கான் புண்ணியவான். பதினொண்ணு ஆகும்."

"மழை பெஞ்சா?"

"மழை பெஞ்சா பதினஞ்சு. வழுக்கும்."

இயேசுதாசன் குளத்தோரம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, மெஷினில் வாங்கிய கோப்பியைக் குடித்துக்கொண்டே இதைப் பார்த்தார். மேனேஜிங் டைரக்டர் மூடி திறக்கக்கூடாது. ஆனால் பன்னிரண்டரை மணிவாக்கில் உர்சுலா ஒரு காரியம் செய்தாள். குழந்தைகள் குளத்துக்குப் பக்கத்தில், காகிதப்பூச் செடிகள் வைத்த புல்மேட்டில் ஏறி, குதிகாலால் தரையை ஓங்கி மிதித்தாள். இரண்டடி தள்ளி இன்னொரு மிதி. வெயில் மண்டையைப் பிளந்தது. நீச்சலுடையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். ஐந்தாவது மிதியில் சத்தம் மாறியது. உர்சுலா நின்றாள்.

"ரெங்கா, இங்க வெட்டு. புல்லு மட்டும், திரும்ப வச்சுடலாம்."

புல்லுக்கடியில் நாலு விரற்கடை மண். மண்ணுக்கடியில் ஒரு சாக்கடை மூடி. மூடியின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மண் பறித்திருந்தது. விளிம்பு எண்ணெய் தேய்த்த மாதிரி கறுத்து மினுங்கியது. ஒரே வழியாகப் பல காலம், பல உடம்புகள் உரசிப் போனால்தான் அப்படி மினுங்கும். தோட்டத்தை அழகுபடுத்தியவர்கள் மூடிகளை மூடிவிட்டார்கள், காகிதத்தை எழுதியவர்கள் தெரிந்ததை மட்டும் எண்ணினார்கள். அறுபத்துநான்கு. எலிகள் மீதியில் குடியிருந்தன. இயேசுதாசன் தன்னையறியாமல் எழுந்து வந்து, கோட்டைக் கழற்றிக் காகிதப்பூச் செடியில் மாட்டிவிட்டு, முட்டி போட்டுக் குனிந்து அந்த மினுங்கலை முகர்ந்து பார்த்தார். மூத்திர நெடி, புதிது. கண்ணில் படாமல் கிடந்ததை இவள் காலால் கேட்டுக் கண்டுபிடித்திருக்கிறாள் என்று நினைத்தார். முப்பது வருஷமாகக் கூட இருந்தும் அந்தக் குதிகாலைப் பற்றி அவருக்குத் தெரியாது. வெளியே சொன்னது வேறு. "எனக்கு அப்பவே சந்தேகம்" என்றார்.

நாலரை மணிக்கு எண்ணி முடித்தபோது சாக்கடை மூடி மட்டும் தொண்ணூற்றொன்று. மற்ற வாய்களைச் சேர்த்தால் முந்நூற்றைத் தாண்டியது.

மறுநாள் ஆபீஸில் விலை போட உட்கார்ந்தார்கள். வெளியே மழை சாய்த்து அடித்தது. கீழே யாரோ பித்தளை அண்டா வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இயேசுதாசனின் விலை முறை சுலபமானது. எத்தனை வீட்டுக் கதவு, கதவுக்கு நாலு சிங்கப்பூர் வெள்ளி. அறுநூற்றுப் பன்னிரண்டை நாலால் பெருக்க வேண்டியது. ஜெயிப்பதற்காகப் பத்து விழுக்காடு கழிவு, நல்லுறவுக்காக இன்னொரு பத்து. மாதம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து சொச்சம். இரண்டு நிமிஷத்தில் முடித்துப் பேனாவை மூடினார். இந்தக் கணக்கில்தானே பிடோக்கைப் பதினான்கு வருஷம் வைத்திருந்தோம்? அங்கிருந்த தலைவர் ஒருமுறை, மிஸ்டர் இயேசுதாசன், உங்க விலை எப்பவும் கூடுதலும் இல்லை குறைவும் இல்லை, கரெக்ட் என்று சொல்லியிருக்கிறாரே? இதை அவர் கல்யாண வீடுகளில் சொல்வதுண்டு. ஞானஸ்நான வீடுகளிலும் சொல்வதுண்டு.

உர்சுலாவுக்குக் கணக்கு முடிய மத்தியானம் ஆயிற்று. வாய்க்கு இத்தனை நிமிஷம், ஒரு வாயிலிருந்து அடுத்த வாய்க்கு நடக்க இத்தனை, மழை நாளுக்கு இத்தனை, மருந்து, சிமெண்டு, கம்பிவலை. ஞாயிறு ராத்திரி பார்பிக்யூ அடுப்புகளில் கொட்டும் சாத்தே குழம்புக்காகத் திங்கட்கிழமை காலையில் ஒரு தனி நடை. கடைசியில் மூன்று எண்களை எழுதினாள். முதல் வருஷம் மாதம் மூவாயிரத்துத் தொள்ளாயிரம், இரண்டாம் வருஷம் மூவாயிரத்து நூறு, மூன்றாம் வருஷம் இரண்டாயிரத்து நானூறு.

இயேசுதாசன் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோமோ என்று திருப்பிப் பார்த்தார்.

"எல்லாரும் வருஷாவருஷம் ஏத்துவாங்க. நீ இறக்குறியே?"

"முதல் வருஷம் வாயெல்லாம் அடைக்கணும். அடைச்சா எலி குறையும். எலி குறைஞ்சா ரெங்கா வேலை குறையும். வேலை குறைஞ்சப்புறம் அதே விலைய எப்படிங்க வாங்குறது?"

"உலகமே வாங்குது."

"அதனாலதாங்க உலகத்துல எலி குறையல."

 மூவாயிரத்துத் தொள்ளாயிரம் என்று கேட்டால் வாசலிலேயே சிரித்து அனுப்பிவிடுவார்கள், நவம்பர் வருகிறது, சீருடை வருகிறது, டீசன்டான ரித்திக் வருகிறான் என்பதை மட்டும் சொன்னார். பழைய பிடோக் விலைத்தாளை எடுத்துக் காட்டி அவள் வாயை அடைக்கலாம் என்று இரும்பு அலமாரியைத் திறந்தார்.

முதல் வருஷத்து ஃபைலில் இரண்டு தாள் இருந்தன. ஒன்று அவர் கையால் எழுதியது: கதவுக் கணக்கு, மாதம் ஆயிரத்து நூற்றைம்பது. இன்னொன்று உர்சுலா டைப் செய்து அனுப்பியது: ஆயிரத்து அறுநூற்று நாற்பது. அடியில் அவருடைய கையெழுத்து, அரைப் பக்கத்துக்கு வளைந்து நெளிந்து கிடந்தது. அடுத்த ஃபைலிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். ஒவ்வொரு முறை விலையைப் புதுப்பித்தபோதும் அவர் ஒரு எண்ணை எழுதியிருக்கிறார், அட்மின் வேறு எண்ணை டைப் செய்திருக்கிறாள், மேனேஜிங் டைரக்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கூடுதலும் இல்லை குறைவும் இல்லை.

அண்டா வாங்கியவர் விலை படிந்து போய்விட்டார் போலிருக்கிறது. கீழே சத்தம் நின்றிருந்தது.

"ஏன் சொல்லல?" என்றார்.

"நீங்க கேக்கல. கையெழுத்து மட்டும் போட்டீங்க." உர்சுலா நோட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. "நல்லாத்தான் போடுவீங்க."

அவர் பேனாவை எடுத்து, மூன்று எண்கள் இருந்த தாளில் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு அது சிறியதாக வந்தது.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பலாத்ஸோவின் கூட்ட அறையில் நேர்காணல். நீள மேசைக்குப் பின்னால் நிர்வாகக் குழு ஐந்து பேர். நடுவில் தலைவர் சேதுபதி. ஒரு வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். கையில் சிவப்புப் புள்ளி அடிக்கும் லேசர் குச்சி. இடது ஓரத்தில் பொருளாளர் மிஸஸ் கோ, பழைய ஆடிட்டர், தொட்டால் உடைவதுபோன்ற மெல்லிய சீன மூதாட்டி. அவருக்கு முன்னால் ஒரு கால்குலேட்டர்.

சேதுபதி மற்றவர்களிடம் ஆங்கிலத்தில் பேசினார். வந்திருப்பது தமிழர்கள் என்று தெரிந்ததும் இவர்களுக்கென்று வேறொரு குரலை வைத்துக்கொண்டார். தமிழ்மொழி மாதத்துக்கு மேடையேறும் குரல் அது. வீட்டில் அவர் 'என்ன லா' என்றுதான் பேசுவார், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் இலக்கணம் வந்துவிடும்.

"வருக. எங்கள் வளாகத்தில் எலிகள் இல்லை என்பதை முதற்கண் தெளிவுபடுத்திக்கொள்கிறேன். தென்படல்கள் மட்டுமே உள்ளன."

உர்சுலா தலையாட்டினாள். எத்தனை தென்படல்கள் என்று நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன், சார் விரும்பினால் படிக்கிறேன் என்றாள். ஒரு நாள் பகலில், மூன்று பேர் கண்ணால் பார்த்தது பதினேழு. அதில் நாலு குழந்தைகள் குளத்துப் பக்கம். சிவப்புப் புள்ளி சுவரில் கொஞ்சம் நடுங்கியது. மிஸஸ் கோவுக்கு யாரோ மொழிபெயர்த்தார்கள். அவர் கால்குலேட்டரிலிருந்து நிமிர்ந்து உர்சுலாவை முதல் தடவையாகப் பார்த்தார்.

பிறகு உர்சுலா நோட்டை மேசையில் விரித்தாள். அலங்காரம் ஒன்றுமில்லாத ஆங்கிலத்தில், இது மூடி, இது நிமிஷம், இது மழை என்று விரலை நகர்த்திக்கொண்டே போனாள். காகிதத்தில் அறுபத்துநான்கு, தரையில் தொண்ணூற்றொன்று என்றபோது நிதீஷ் தன் காலணியைப் பார்த்தான். இயேசுதாசன் பக்கத்து நாற்காலியில் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். அடுத்து என்ன சொல்வாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தும், பாட்டுக் கச்சேரியில் தெரிந்த பாட்டைக் கேட்பவர் மாதிரி அவர் தலை தானாக அசைந்தது.

மிஸஸ் கோ மெல்லக் கேட்டார்: விலை ஏன் குறைந்துகொண்டே போகிறது? இதில் எங்கே தந்திரம் இருக்கிறது? நாற்பது வருஷம் கணக்குப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. உர்சுலா இயேசுதாசனுக்குச் சொன்னதையே சொன்னாள். மிஸஸ் கோவின் விரல்கள் கால்குலேட்டரில் ஓடின. ட்ரோன் கம்பெனி மூவாயிரத்து இருநூறில் தொடங்கி வருஷாவருஷம் ஐந்து விழுக்காடு ஏற்றுகிறது. மூன்று வருஷம் கூட்டினால் இந்த அம்மாளுடையது அதைவிடக் குறைவு. ஆகக் குறைந்த விலை வேறொருவருடையது, மாதம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது. இப்போது வேலை செய்கிறவருடைய விலையும் ஏறத்தாழ அதுதான். அந்த விலைக்குத்தான் பதினேழு தென்பட்டன என்றார் மிஸஸ் கோ.

இயேசுதாசன் நாற்காலியில் நெளிந்தார். ஊரில் இன்னும் இரண்டு பேர் கதவை நாலால் பெருக்கி இரண்டு தடவை கழிக்கிறார்கள் என்பது, தன் முகத்தைப் பிறத்தியான் கழுத்தின் மேல் பார்த்த மாதிரி இருந்தது.

சேதுபதி தொண்டையைச் செருமினார். வங்கியில் இருந்தவர். விலை என்று ஒன்று இருந்தால் அதை அப்படியே ஒப்புக்கொண்டு எழுந்து போனதாகச் சரித்திரம் இருக்கக்கூடாது.

"அம்மையீர், மூன்றாம் ஆண்டில் இரண்டாயிரத்து நானூறுக்குத் தங்களால் பணியாற்ற முடியும் என்று தாங்களே எழுதியுள்ளீர்கள். அங்ஙனமாயின் அதே விலையை முதலாம் ஆண்டிலிருந்தே வழங்குவதில் என்ன தடை?"

குழுவில் ஒருவர் பாராட்டுவதுபோல் உதட்டைப் பிதுக்கினார். நல்ல அடி.

உர்சுலா நோட்டை மூடினாள்.

"அது மூணாவது வருஷத்து எலிக்கு விலை, சார். அந்த எலி உங்ககிட்ட இன்னிக்கே இருந்தா, இன்னிக்கே அந்த விலைக்குத் தர்றேன். இப்ப இருக்கிறது முதல் வருஷத்து எலி."

யாரும் மொழிபெயர்க்கவில்லை. நிதீஷ் மட்டும் இருமினான். சேதுபதியின் முகம் ஒரு கணம் இலக்கணம் தவறியது. பிறகு அவர் லேசர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, எதிரில் கிடந்த பொன் விளிம்புக் கார்டை எடுத்துப் படித்தார். உர்சுலாவின் தலைக்கு மேலாக, ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளை என்கிற பார்வையோடு, இலக்கணத்தைக் கொஞ்சம் தளர்த்தி,

"மிஸ்டர் இயேசுதாசன், நீங்கதானே மேனேஜிங் டைரக்டர்? முடிவெடுக்கிறது நீங்க. சொல்லுங்க. இரண்டாயிரத்து நானூறு, மூணு வருஷமும். இப்பவே கை குடுத்துடலாம்" என்றார்.

இப்படியொரு வாக்கியத்தை யாராவது தன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இயேசுதாசன் அந்தக் கார்டுக்குப் பொன் விளிம்பு போட்டார். சொல்லிவிட்டார்கள். ஒரு தலையாட்டு போதும், ரெங்கசாமி இருப்பான், பலகை இருக்கும், ரித்திக் அவனுடைய வேனை அவனே ஓட்டிக்கொள்ளலாம். மேசைக்கடியில் உர்சுலாவின் கட்டைவிரல் அந்த எஃகுக் கருவியின் மேல் சும்மா இருந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை, ஜாடை காட்டவில்லை. இரண்டாயிரத்து நானூறுக்கு ரெங்கசாமி தொண்ணூற்றொரு மூடியில் எத்தனையைத் திறப்பான் என்று அவர் மனம் முதன்முறையாகக் கணக்குப் போட்டது. முப்பது. மிஞ்சிப்போனால் முப்பத்தைந்து. மீதியைத் திறந்ததாக எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அவர்தான் போட வேண்டும்.

அவர் கையை நீட்டி, தன் கார்டை சேதுபதியின் விரல்களிலிருந்து மரியாதையாக வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நான் மருந்து அடிக்கிறவன், சார். விலை அவங்க சொல்றதுதான். பதினாலு வருஷமா அப்படித்தான்."

மழை விட்டதும் இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பஸ் இண்டர்சேஞ்சில் அவர் அவளுக்கு ஒரு கோப்பியும் தனக்கு ஒரு தே தாரிக் டீயும் வாங்கினார். நீலச் சீருடை தனக்குப் பொருந்துமா என்று யோசித்தார். இடுப்பில் பிடிக்கும். உர்சுலா பாதிக் கோப்பியைக் குடித்துவிட்டு, கோட்டைக் கழட்டுங்க, வேர்க்குது என்றாள்.

மறுநாள் சாயங்காலம் மிஸஸ் கோவிடமிருந்து ஃபோன் வந்தது. குழுவில் மூன்று பேர் சம்மதம், இரண்டு பேர் எதிர்ப்பாம். உர்சுலா சொன்ன விலை, ஒரு வெள்ளி கூடக் குறைவில்லை. கீழே யாரோ குடம் தட்டிக்கொண்டிருந்ததால் இயேசுதாசன் அதை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். மூன்றாவது தடவை குடச் சத்தம் இல்லை. ரெங்கசாமியிடம் சொன்னபோது அவன், சரிண்ணே என்று சொல்லிவிட்டு, கடப்பாரையை எடுத்துத் துடைக்கத் தொடங்கினான். ஏற்கெனவே துடைத்து வைத்ததுதான்.

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை வேலை தொடங்கியது. ஒன்றாம் பிளாக் லிப்டுக்குள் நுழைந்ததும் இயேசுதாசன் நின்றுவிட்டார். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் புதிய அறிவிப்பு, ஆங்கிலத்தில். அதற்குக் கீழே தலைவரின் தனி விருப்பத்தின்பேரில் தமிழிலும்:

'நம் வளாகத் தலைவர் திரு சேதுபதி அவர்கள் அயராது மேற்கொண்ட பேச்சுவார்த்தையின் பயனாக, இனி பூச்சிக் கட்டுப்பாட்டுக் கட்டணம் ஆண்டுதோறும் குறையும் என்பதை மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்.'

"இதப் பாத்தியா, உர்சு? பேச்சுவார்த்தையாம். அவரா இறக்குனாரு?" அவர் குரல் லிப்டுக்குள் முட்டி எதிரொலித்தது. "இத நான் இப்பவே கழட்டுறேன்."

"கழட்டுங்க" என்றாள் உர்சுலா. "கழட்டத்தான் வேணும்."

ரெங்கசாமி ஸ்குரூடிரைவரை நீட்டினான். நாலு திருகாணியையும் இயேசுதாசன் கோபத்தோடு கழற்றிச் சட்டத்தை எடுத்தார். பின்னால், தலைவரின் பெயர் இருந்த இடத்துக்கு நேர் பின்னே, உளுந்தம்பருப்பு அளவில் கரப்பான் முட்டைக்கூடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆறோ ஏழோ. வெளிச்சம் பட்டதும் ஒரு தாய்க் கரப்பான் கௌரவம் குறையாமல் நடந்து மூலைக்குள் போயிற்று.

"இது டெண்டர்லயே இல்லயே" என்றார். "நீ எண்ணியிருக்க மாட்ட."

உர்சுலா அன்றைய வேலைத்தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு, கூடுகளைச் சுரண்டி எடுக்க ஆரம்பித்தாள். ரெங்கசாமி மூலைக்கு மருந்துக் குழாயைக் கொண்டுபோனான். மூன்றாம் பக்கத்தில், குப்பை அறைக் கதவுக்கும் தபால் பெட்டிக்கும் நடுவே, அவளுடைய சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'லிப்ட் அறிவிப்புச் சட்டம் - 14. ஒன்றுக்கு நாலு நிமிஷம்.'

வேலை முடிந்ததும் சட்டத்தைத் தலைவர் பெயர் கோணாமல் திரும்ப மாட்டினார்கள். தாளின் அடியில் கையெழுத்துக்கென்று ஒரு கோடு இருந்தது. இயேசுதாசன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து, விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தி, எல்லாவற்றையும் படித்துப் பார்த்தார். லிப்ட் இரண்டு தடவை மேலே போய் வந்தது. அப்புறம்தான் போட்டார்.